‘ரசனையற்ற’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்க

வினோலியா எதைப் பார்த்தாலும் முதலில் அதிலுள்ள அசிங்கம்தான் அவள் கண்ணில் படும். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு அடித்திருந்த கிளிப்பச்சை, மாதா கோயில் பீடத்தில் தூசி படிந்து நின்ற பிளாஸ்டிக் ரோஜா, கணவன் சேவியர்ராஜ் ஆடித் தள்ளுபடியில் வாங்கிவந்த பட்டை போட்ட சட்டை, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சொல்தான் இருந்தது. ரசனைகெட்ட பச்சை. ரசனைகெட்ட பூ. ரசனைகெட்ட சட்டை. சேவியர்ராஜ் சிரித்துக்கொண்டே அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனான்.

அவள் நெய்வேலி டவுன்ஷிப்பில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். எட்டாம் வகுப்பு. முப்பத்தாறு வயது. நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் பைபிள் வாசகம் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விழா, ரிடையர்மென்ட் பாராட்டு என்று எது நடந்தாலும் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். மைக்கைப் பிடித்தால் ஒரு சொல் பிசகாது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

2003 ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு வெள்ளை சுமோ நின்றது. அதிலிருந்து இறங்கியவர் நல்லசாமி. சுரங்கத்துக்குக் கூலியாள் அனுப்பும் கான்ட்ராக்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு கிலோ பாதாம் அல்வா.

அவர் வந்தது சாவு விஷயமாக. மூன்று வாரத்துக்கு முன்பு, சேத்தியாத்தோப்பு பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றி வந்த அவருடைய வேன் வளைவில் கவிழ்ந்துவிட்டது. நான்கு பேருக்குக் கை கால் முறிவு. தனகோடி என்ற ஆள் அங்கேயே இறந்துபோனான். அவனுடைய மகள் சத்யா வினோலியாவின் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"தனகோடி நம்ம வூட்டுப் புள்ள மாதிரிங்க டீச்சர்" என்றார் நல்லசாமி. "பதினாறாம் நாள் காரியத்த அவங்க சிம்பிளா முடிச்சிகினாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. வடலூர்ல மண்டபம் புடிச்சிட்டேன். படத்திறப்ப கிராண்டா பண்ணிடணும். நீங்கதான் நடத்திக் குடுக்கணும். உங்க ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன்."

"சாவு வீட்டு விஷயம்ங்க. அடக்கமா செஞ்சா நல்லாருக்கும்" என்றாள் வினோலியா.

"அதெல்லாம் நீங்க பாத்துக்கினா போதும். உங்க குரல் இருந்தாலே ஃபங்ஷன் தூக்கிடும்."

அவர் போனபிறகு சேவியர்ராஜ் அல்வாப் பொட்டலத்தைத் திறக்காமல் அலமாரியில் வைத்தான்.

"வேன் எப்படிக் கவுந்துச்சின்னு கேட்டியா?"

"டிரைவர் தூங்கிட்டானாம்."

"யாரு, அவரு சொன்னாரா?"

"ஆமா."

"போவணுமா வினோ?"

"ஹெச்.எம். சொல்லிட்டாரு. அதோட, நான் போனா கொஞ்சமாவது ஒழுங்கா நடக்கும். இல்லன்னா எவனாவது ரசனைகெட்டவன் மைக்கப் புடிச்சிக் கத்திகிட்டிருப்பான்."

அதை அவள் மனதார நம்பித்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு வடலூர் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அவள் கண் மேடைக்குப் போனது. முதல்நாள் ராத்திரி அங்கே யாருக்கோ கல்யாண ரிசப்ஷன் நடந்திருக்கிறது. மேடையில் தெர்மாகோலில் வெட்டிய இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. "இருக்கட்டும், பாக்க நல்லாருக்கு" என்று நல்லசாமி சொல்லிவிட்டாராம். அன்னங்களுக்கு நடுவில்தான் படம். மேடைக்கு மேலே சிவப்பும் நீலமுமாக சீரியல் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

வாசலில் அப்போதுதான் புதிதாக வர ஆரம்பித்திருந்த ஃப்ளெக்ஸ் பேனர். கூலிங்கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்தடி உயரத்தில் நல்லசாமி சிரித்தார். கீழே ஒரு மூலையில், இதய வடிவத்துக்குள், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தனகோடியின் முகம். "மண்ணின் மைந்தர் நல்லசாமி அவர்கள் வழங்கும் தனகோடியின் படத்திறப்பு விழா" என்று மஞ்சள் எழுத்து. சினிமாப் படத்தைப் போல வழங்குகிறார். உள்ளே மட்டன் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வள்ளலார் சபை அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான்.

வினோலியா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தாள். தனகோடியின் மனைவி கண்ணகி உட்கார்ந்திருந்தாள். கறுத்த, ஒல்லியான பெண். வெளிறிய நீலப் புடவை. பக்கத்தில் சத்யா, பள்ளிச் சீருடையில். அதைவிட நல்ல உடுப்பு இல்லையோ, அல்லது அதுதான் பொருத்தம் என்று நினைத்தாளோ. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

வினோலியா மைக்கைப் பிடித்தாள். நல்லசாமியின் ஆள் ஒருவன் அட்டையில் செருகிய ஒரு தாளைக் கொடுத்தான். அதில் இருந்ததை அவள் வாசித்தாள். "விதி செய்த சதி" என்று இருந்தது. வாசித்தாள். "தாய் உள்ளம் கொண்ட வள்ளல்" என்று இருந்தது. அதையும் வாசித்தாள். அவளுடைய குரல் மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

படத்தைத் திறந்தபோது பக்கத்தில் வைத்திருந்த மிஷினிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. டிரம்ஸ் அடித்தார்கள். திரை விலகி, புகை கலைந்து, படம் தெரிந்தது. தனகோடியிடம் கேட் பாஸுக்கு எடுத்த போட்டோவைத் தவிர வேறு போட்டோ கிடையாது போலிருக்கிறது. ஸ்டுடியோக்காரன் அந்தத் தலையை வெட்டி, கோட்டும் டையும் போட்ட வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்திருந்தான். கழுத்தும் தலையும் ஒட்டவில்லை. தனகோடி பயந்துபோன முகத்தோடு, தனக்குச் சொந்தமில்லாத அந்தக் கோட்டுக்குள்ளிருந்து பார்த்தான்.

கண்ணகியை மேடைக்கு ஏற்றினார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார் நல்லசாமி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பொன்னாடை. பிறகு ஒரு தையல் மிஷின். மிஷினின் மரப்பலகையில் "அன்பளிப்பு: நல்லசாமி" என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. கண்ணகி அதைத் தொட்டதும் வீடியோக்காரன் கையை ஆட்டினான்.

"யம்மா, ஒரு நிமிஷம். லைட்டு வரல. எறங்கிப் போய் மறுக்கா வாங்க. மறுக்கா வாங்கிக்கங்க. அப்டியே கேமராவப் பாருங்க."

கண்ணகி இறங்கினாள். மறுபடி ஏறினாள். மறுபடி பொன்னாடை. மறுபடி மிஷின். அவள் முகம் அழவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சுவரைப் போல இருந்தது.

கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்தது. சாவு விஷயத்தில் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நல்லசாமி வினோலியாவைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்து மெல்லத் தட்டிக் காட்டினார். தாளிலும் அப்படித்தான் இருந்தது.

"இந்தக் கருணை உள்ளத்துக்கு" என்றாள் வினோலியா, "பலத்த கரகோஷம் எழுப்புவோம். எல்லாரும் கைதட்டுங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். தனகோடி கோட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வினோலியா குளித்தாள். பிறகு சேவியர்ராஜிடம் ஆரம்பித்தாள். அன்னத்தைப் பற்றி, புகையைப் பற்றி, கோட்டைப் பற்றி, பேனரின் மஞ்சளைப் பற்றி. "ரசனைகெட்ட ஜென்மங்க. ஒரு சாவுக்கு எந்தக் கலர் வைக்கணும்னு கூடத் தெரியல. அன்னமாம், அன்னம்! பாக்கப் பாக்க எனக்கு வாந்தி வர மாதிரி இருந்துச்சி."

சேவியர்ராஜ் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"மைக்குல யாரு பேசுனது?"

"நான்தான்."

"அப்ப சரி."

அவள் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. எட்டாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளை வினோலியாதான் தயாரித்தாள். நான்கு சொற்களைக் கொடுத்து, பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்கச் சொல்லும் கேள்வி ஒன்று எப்போதும் இருக்கும். பொருளுக்கு ஒரு மதிப்பெண், வாக்கியத்துக்கு ஒன்று. மூன்றாவது சொல்லாக அவள் வைத்தது "ரசனையற்ற". ஒரு பாடத்தில் சிற்பக்கலையைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பில் நடத்திய சொல்தான். அழகை உணரும் திறன் இல்லாத. அதுதான் விடை.

வீட்டு மேஜையில் உட்கார்ந்து தாள் திருத்தினாள். பாதிப் பிள்ளைகள் "ரசனையற்ற மனிதன் இசையை விரும்பமாட்டான்" என்று அவள் சொல்லிக்கொடுத்ததையே எழுதியிருந்தார்கள். ஒருவன் "ரசனையற்ற ரசம்" என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்துச் சிரித்தாள். இருபத்து மூன்றாவது தாள் சத்யாவுடையது. உருண்டையான, நிதானமான கையெழுத்து.

ரசனையற்ற. பொருள்: எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரியாத.

வாக்கியம்: என் அப்பாவின் படத்திறப்பில் டீச்சர் எல்லோரையும் கைத்தட்டச் சொன்னது ரசனையற்ற செயல்.

வினோலியா அதை ஒருமுறை படித்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம். இந்தப் பொண்ணுக்கு என்ன திமிர், சீருடையில் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, இப்படி எழுதுவதற்கு. காது மடல் சூடாயிற்று. சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

பொருள் அவள் சொல்லிக்கொடுத்தது இல்லை. அரை மதிப்பெண் குறைத்தாள். பிறகு வாக்கியத்தில் தப்பு தேடினாள். தேடித்தான் கண்டுபிடித்தாள். "கைத்தட்ட" என்பதில் "த்" வரக்கூடாது. கைதட்ட. அந்த ஒற்றெழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அதற்கும் அரை மதிப்பெண் குறைத்தாள்.

மறுவாரம் தாள்களைக் கொடுத்தபோது சத்யா தன் தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகள் கால் மதிப்பெண்ணுக்கும் மேஜையைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். சத்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "டீச்சர், டீச்சர்! டி.வி.யப் போடுங்க. லோக்கல் சேனல்ல நீங்க வர்றீங்க."

டி.வி.யைப் போட்டாள். படத்திறப்பு விழா ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஜவுளிக்கடை விளம்பரமும் பிறந்தநாள் வாழ்த்தும் வரிவரியாக நகர்ந்தன. சோக ஷெனாய் வாசிப்பை எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருந்தார்கள். புகை கிளம்பியது. அன்னம் தெரிந்தது. கண்ணகி மேடை ஏறுவதை மெதுவாக ஓடவிட்டிருந்தான் வீடியோக்காரன். இரண்டு முறை ஏறியதையும் சேர்த்து ஒட்டி, நான்கு முறை ஏறுவது போலச் செய்திருந்தான்.

பிறகு வினோலியாவே வந்தாள். நெருக்கத்தில், திரை முழுக்க. ஆகாய நீலத்தில் மெல்லிய சரிகை போட்ட புடவை. அன்றைக்கு யோசித்து யோசித்து, சாவுக்குப் பொருத்தமாக எடுத்துக் கட்டிய புடவை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. "எல்லாரும் கைதட்டுங்க" என்று சொல்லும்போது அவள் சிரித்தாள்.

அவள் சிரித்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. பல் தெரிய, ஆண்டு விழாவில் சிரிப்பது போல. அப்படிச் சிரித்து, ஒரு கையை மேலே தூக்கி, கூட்டத்தைக் கிளப்பிவிட்டாள். கைதட்டல் எழும்பிய அந்த நொடி கேமரா கண்ணகியின் முகத்துக்குப் போனது. சுவரைப் போல இருந்த முகம் கைதட்டல் கேட்டதும் ஒருமுறை சுருங்கியது. யாரோ கன்னத்தில் அறைந்தது போல. மேடையில் நின்றபோது வினோலியா இதைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் குமட்டியது. வெறும் பேச்சுக்கு இல்லை. பாத்ரூமுக்கு ஓடிப்போய் மத்தியானம் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தும் அந்தக் கசப்பு போகவில்லை. வெளியே டி.வி.யில் அவளுடைய குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு திருத்தமான உச்சரிப்பு. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அன்னமும் புகையும் கோட்டும் எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் குரல் அளவுக்கு அசிங்கமாக இல்லை.

சேவியர்ராஜ் வந்து டி.வி.யை நிறுத்தினான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அந்தப் பொண்ணுக்கு மார்க்கக் கொறச்சிட்டேங்க" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. சொன்னாள். அவன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "எத்தன மார்க்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணு."

மறுநாள் சனிக்கிழமை. வினோலியா முதலில் மந்தாரக்குப்பத்தில் இருந்த கேபிள் ஆபீசுக்குப் போனாள். நடத்துகிறவர் ஆனந்த்ராஜ், அவளுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான்.

"நல்லசாமி அண்ணன் முப்பது நாளைக்கு ஸ்லாட் எடுத்துருக்காருங்க டீச்சர்" என்றார். "தெனம் சாயங்காலம் ஒருவாட்டி, ஒரு வாரமா ஓடுது. அவரு சொன்னா நிறுத்திடறேன். நானா நிறுத்த முடியாது."

அங்கிருந்தே நல்லசாமிக்கு போன் போட்டாள்.

"அந்தப் படத்த நிறுத்தச் சொல்லுங்க சார். அந்தம்மா அழுவாத மொகத்தப் போட்டு ஊருக்கே காட்டிகிட்டிருக்கீங்க. அவங்க பொண்ணு ஸ்கூலுக்கு வரணும் இல்ல?"

"ஏன் டீச்சர், நல்லாத்தான வந்துருக்கு?" நல்லசாமிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "கலரெல்லாம் பாத்தீங்களா? நீங்ககூட எவ்ளோ அம்சமா வந்துருக்கீங்க. எங்க வூட்ல எல்லாரும் சொன்னாங்க. அடுத்த மாசம் எம் பொண்ணுக்கு நிச்சயம், அதுக்கும் நீங்கதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்த ஆளுக்குப் புரியவைக்க அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பாக இருந்தால் ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

பஸ் பிடித்து, சேத்தியாத்தோப்பு சாலையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு கண்ணகியின் வீட்டுக்குப் போனாள். ஓட்டு வீடு. வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சத்யா கோழியை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். இந்தமுறை கும்பிடவில்லை.

"சத்யா, நீ எழுதுன விடை சரிம்மா. நான்தான் தப்பா திருத்திட்டேன்."

சத்யா தரையைப் பார்த்தாள். "அந்த 'த்' வரக்கூடாது இல்லீங்களா டீச்சர்?"

"வரக்கூடாதுதான். ஆனா நான் அதுக்காக மார்க்கக் கொறைக்கல."

"தெரியும்ங்க டீச்சர்."

பதிமூன்று வயதுப் பெண். குரலில் கோபம்கூட இல்லை. "அன்னிக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. மன்னிச்சிக்கோ" என்றாள் வினோலியா. சத்யா "சரிங்க டீச்சர்" என்றாள், வருகைப்பதிவில் பேர் வாசித்தால் பதில் சொல்வது போல. மன்னித்தாளா இல்லையா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கோழி மறுபடி நெல்லுக்கு வந்தது. அவள் விரட்டப் போய்விட்டாள்.

கண்ணகி உள்ளே இருந்து வந்தாள். கேபிளில் ஓடுவதைச் சொன்னபோது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எங்க வூட்ல டி.வி. இல்லீங்க. ஆனா தெருவுல நடந்தா எல்லாரும் சொல்லிகினுதான் இருக்காங்க. நேத்து ஒருத்தி, 'ஒனக்கு ஏண்டி அழுவயே வரல'ன்னு கேக்குறா."

"நான் சொன்னா எடுக்கமாட்டேங்கறாங்க. நீங்க வந்து சொல்றீங்களா?"

கண்ணகி முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவையை மாற்றாமலேயே வந்தாள்.

ஆனந்த்ராஜின் ஆபீசில் நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"அது எம் மூஞ்சிங்க" என்றாள். "எம் மூஞ்சியப் போடறதுக்கு நான் யாருக்கும் குடுக்கல. எடுத்துடுங்க."

ஆனந்த்ராஜ் வினோலியாவைப் பார்த்தார், கண்ணகியைப் பார்த்தார். நல்லசாமிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு அலமாரியைத் திறந்து சி.டி.யை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கண்ணகி அதை என்ன செய்வது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் மேலும் நல்லசாமியின் படம் ஒட்டியிருந்தது. முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து, அங்கேயே குப்பைக்கூடையில் போட்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கண்ணகி கேட்டாள். "டீச்சர், கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தருவீங்களா? சத்யா எழுதுவா. ஆனா அவ கையால அதெல்லாம் எழுத வைக்க எனக்குப் புடிக்கல."

"எதப்பத்தி?"

"வேனப் பத்தி. டிரைவரு தூங்கிட்டான்னு சொல்லிகினு இருக்காங்க. அந்தப் புள்ள தூங்கல. பிரேக் புடிக்கல. எங்க வூட்டுக்காரரு மூணு நாளா சொல்லிகினு இருந்தாரு. ஆபீசுல போயும் சொன்னாரு. நாலு நாள் ஓட்டுங்க, அப்பறம் பாக்கலாம்னு சொன்னாராம் நல்லசாமி."

வினோலியா அவளையே பார்த்தாள். "இத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அன்னிக்கு யாருங்க என்னக் கேட்டாங்க? மைக்கு உங்ககிட்டதான இருந்துச்சி."

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வினோலியா பையிலிருந்து தாளை எடுத்து, பெறுநர், அனுப்புநர் எல்லாம் போட்டு எழுத ஆரம்பித்தாள். அவள் கை பழக்கத்தில் ஓடியது. இரண்டு வரி எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள். "கணவனை இழந்து கண்ணீர்க்கடலில் தத்தளிக்கும் அபலையாகிய நான், கனத்த இதயத்துடன் தங்கள் பாதங்களில் சமர்ப்பிப்பது..."

கண்ணகி முகத்தைச் சுளித்தாள். கெட்டுப்போன எதையோ முகர்ந்தது போல.

"அது வாணாங்க டீச்சர். எனக்கு எப்டி இருக்குன்னு அவங்களுக்கு எதுக்கு? வேனு எப்டி இருந்திச்சோ, அத எழுதுங்க."

வினோலியா தாளைக் கசக்கினாள். புதுத் தாள் எடுத்தாள். கண்ணகி சொல்லச் சொல்ல எழுதினாள். வேன் நம்பர். தேதி. எந்த நாள் யாரிடம் பிரேக்கைப் பற்றிச் சொன்னார். அப்போது கூட இருந்தவர் ராமசாமி, கால் முறிந்து வீட்டில் இருக்கிறார், கேட்டால் சொல்வார். ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினார்கள். வளைவில் நிற்கவில்லை. ஒரு இடத்தில் வினோலியாவின் பேனா "கொடூரமான" என்று எழுதப் போனது. எழுதவில்லை. அரைப்பக்கத்தில் முடிந்துவிட்டது. கண்ணகி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. மனு கலெக்டர் ஆபீசிலிருந்து தொழிலாளர் துறைக்குப் போனது, அங்கிருந்து திரும்பி வந்தது. நல்லசாமி பள்ளிக்கூடத்துக்கு வந்து ஹெச்.எம். அறையில் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். அந்த வருடம் ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்க வேறொரு டீச்சரைப் போட்டார்கள். வினோலியா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவள் அந்தச் சொல்லைச் சொல்வது குறைந்துபோனது. சில சமயம் வாய்வரை வரும். எதிர்வீட்டுக் கிளிப்பச்சை இன்னும் அப்படியேதான் இருந்தது, அது அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் மார்ச் மாதம் கடலூரில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. கண்ணகிக்குத் துணையாக வினோலியாவும் லீவு போட்டுவிட்டுப் போனாள். ராமசாமி ஊன்றுகோலோடு வந்திருந்தார். நல்லசாமி வக்கீலோடு வந்து, முதலில் தான் அந்தக் குடும்பத்துக்குச் செய்ததை எல்லாம் சொன்னார். மண்டபம் பிடித்ததை, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டதை. வினோலியா டீச்சரைக் கேட்டால் தெரியும், அவர்தான் கூட இருந்து நடத்தினார் என்று அவள் பக்கம் கையைக் காட்டினார். அவள் எழுந்து நின்றாள்.

"ஆமாங்க சார், நான்தான் நடத்துனேன்" என்றாள். "அங்க வேனப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசல. நானும் பேசல."

அதிகாரி தலையாட்டி அவளை உட்காரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அரைப்பக்க மனுவை ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு நல்லசாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பாடு போட்டது இருக்கட்டும். பிரேக் புடிக்கலன்னு உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?"

நல்லசாமி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜையைப் பார்த்தார். கண்ணகி பதிலுக்குக் காத்திருந்தாள். அவருடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.